செக்குபந்தி இல்லாத மேக்ரோ

உத்தமபாளையத்தில் ஒரு டைப்பிங் கடை. அன்று முகூர்த்த நாள். பத்திரம் பதிய வந்தவர்கள் காலை பத்து மணிக்கே பெஞ்சை நிறைத்திருந்தார்கள். கிரயப் பத்திரம் ஒன்றின் ட்ராப்டை வெள்ளைத்தாளில் அடித்துக் கொடுத்தான் கடைப் பையன். நிலம் வாங்குகிறவரின் தகப்பனார் எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்கருகே பிடித்து, உதடு அசைய வாசித்துக்கொண்டே வந்தவர் சொத்து விவரத்தில் நின்றுவிட்டார்.

"ஏப்பா தம்பி, இந்தத் தோட்டத்துக்கு மேக்க ஓடை எப்பப்பா வந்துச்சு? மேக்க எங்க சித்தப்பன் தென்னந்தோப்புல்ல இருக்கு?"

பையன் தாளை வாங்கிப் பார்த்தான். சர்வே எண் சரி. விஸ்தீரணம் சரி. செக்குபந்தி மட்டும் நான்கு பக்கமும் வேறு யாருடைய நிலத்துக்கோ உரியது. முந்தின நாள் சாயங்காலம் அடித்து முடித்த இன்னொரு பத்திரம் வேர்டில் மூடாமல் கிடந்திருக்கிறது. தாய்ப் பத்திரத்திலிருந்து எடுக்க வேண்டிய பத்தியை மேக்ரோ அதிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டது. முத்திரைத்தாளில் ஏறும் முன்னால் பெரியவர் கண்ணில் பட்டதால் நஷ்டம் வெள்ளைத்தாளோடு போயிற்று. அந்த மேக்ரோவை எழுதிக் கொடுத்தவன் நான்.

கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சிஸ்டம் பழசு, ரேம் பத்தவில்லை என்றார் முதலாளி. மேக்ரோ ஓடும்போது பையன் மவுஸைத் தொட்டிருப்பான் என்றார் பக்கத்து மேசைக்காரர். கம்பத்தில் கணினி மையம் நடத்தும் நண்பர், விவரம் தெரிந்தவர், போனில் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விண்டோ ஆர்டர் குழம்பியிருக்கு சார். ஆக்டிவேட் போட்டு முன்னால கொண்டு வாங்க. அரை செகண்ட் வெயிட் குடுங்க. சரியாயிரும்."

இந்தக் கடைசிக் கருத்துதான் ஊரெல்லாம் நடமாடுவது. நானும் பல வருஷம் அதை நம்பி, அதற்கேற்ற ஒட்டுகளை என் மேக்ரோக்களில் போட்டு வந்தவன். விண்டோக்களுக்குச் சரியான வரிசை ஒன்று உண்டு, ஏதோ காரணத்தால் அது கலைந்துவிடுகிறது, கலைந்ததை அடுக்கிவிட்டால் கோளாறு தீர்ந்தது என்பது அந்த நம்பிக்கை. அது அடியோடு தவறு. கலைவதற்கு அங்கே வரிசை என்று ஒன்று இருந்ததே இல்லை. அடுக்க முயல்கிறவன் வைகை மணலில் வரப்பு போடுகிறான்.

பத்திரம் எழுதுகிற ஊரில் இதை விளக்குவது சுலபம். சொத்து விவரத்தில், 'இப்போது நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தோட்டம்' என்று ஒரு பத்திர எழுத்தர் எழுதுவாரா? 'ரோட்டிலிருந்து இரண்டாவது வயல்' என்றாவது எழுதுவாரா? எழுதினால் சார்பதிவாளர் வரை போக வேண்டியதில்லை, வாங்குகிறவரே தாளைத் திருப்பி எறிவார். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், அதற்கு இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, இன்ன பாதைக்குக் கிழக்கு என்று நான்கு மாலும் சொல்லி, இதன் மத்தியில் உள்ள இத்தனை ஏக்கர் இத்தனை செண்டு என்று கட்டிப்போட்டால்தான் அது நிலம். யார் எங்கே நின்று பார்த்தாலும், ராத்திரியில் பார்த்தாலும், அது அதே நிலமாக இருக்க வேண்டும்.

அதே பத்திரத்தை அடிக்கிற மேக்ரோவில் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? ஆக்டிவ்டாக்குமென்ட். அதாவது, இந்த நொடியில் எது முன்னால் நிற்கிறதோ அது. அதற்கும் மேலே போய் விண்டோஸ்(2) என்று எழுதியிருந்தேன் நான். ரோட்டிலிருந்து இரண்டாவது வயல். வழக்கமாகத் தாய்ப் பத்திரமும் ட்ராப்டும் மட்டும் திறந்திருக்கும். இரண்டாவது என்றால் தாய்ப் பத்திரமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவதாக ஒன்று வந்து நின்றதும் இரண்டாவது என்பது வேறு ஆளாகிவிட்டது. இதில் வேர்டு என்ன குழம்பியது? நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில் சொன்னது. கேள்விதான் கோணல்.

மைக்ரோசாப்டின் கையேடே டாக்குமென்ட்ஸ் பட்டியலை எண்ணால் கூப்பிட வேண்டாம் என்று சொல்கிறது. ஒரு கோப்பைத் திறந்தாலும் மூடினாலும் பட்டியலில் ஒவ்வொன்றும் நிற்கும் இடம் மாறும். விண்டோஸ் பட்டியலின் எண், வியூ தாவலில் 'ஸ்விட்ச் விண்டோஸ்' அழுத்தினால் பெயர்களுக்கு இடப்பக்கம் தெரிகிறதே, அந்த எண். அது மனிதன் கண்ணால் பார்த்துச் சொடுக்குவதற்காகப் போட்ட எண். திரையில் எது மேலே எது கீழே என்று அடுக்குவது வேர்டின் வேலையே அல்ல, இயங்குதளத்தின் வேலை. கீழே டாஸ்க்பாரில் தெரிகிற வரிசை இன்னொன்று. ஆக நான்கு வரிசைகள், வேறு வேறு எஜமானர்கள். ஒன்று இன்னொன்றோடு ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பல நாள் ஒத்துப்போவதைப் பார்த்து நாம்தான் அதை ஒப்பந்தம் என்று நினைத்துக்கொண்டோம்.

இந்த நினைப்புக்கு ஒரு பழைய வேரும் உண்டு. வேர்டு 97 காலத்தில் ஒரே பெரிய சட்டம். அதற்குள் எல்லாக் கோப்புகளும் ஒரு வளவுக்குள் இருக்கும் அறைகள் மாதிரி. விஷுவல் பேசிக் மேக்ரோ வேர்டுக்குள் வந்ததும் அந்தப் பதிப்பில்தான். வேர்டு 2000இல் ஒவ்வொரு கோப்பும் தனிக்கதவு வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. நம்மில் முதலில் மேக்ரோ கற்றவர்கள் வளவு வீட்டுக் கணக்கிலேயே கற்றார்கள், அடுத்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள். தெருவில் யார் எப்போது கதவைத் திறந்து முன்னால் வருவார் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

இனி 'அரை செகண்ட் வெயிட்' வைத்தியத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது, ஏனென்றால் இது பல நாள் வேலை செய்வதுபோல் நடிக்கும். ஆக்டிவேட் என்று ஒரு வரி, அதன் கீழே டூஈவென்ட்ஸ் என்று ஒரு வரி, போதாவிட்டால் ஒரு காத்திருப்பு. டூஈவென்ட்ஸ் என்ன செய்கிறது? மேக்ரோ தன் கையிலிருக்கும் லகானை ஒரு கணம் இயங்குதளத்திடம் கொடுத்து, வரிசையில் காத்திருக்கும் சொடுக்கல்களையும் விசை அழுத்தல்களையும் கவனித்துவிட்டு வா என்கிறது. அதாவது, பையன் பொறுமையிழந்து வேறு விண்டோவில் சொடுக்கியிருந்தால், அந்தச் சொடுக்கல் உள்ளே நுழைய வாசலைத் திறந்து வைக்கிறது. எந்த ஆபத்துக்குப் பயந்து அந்த வரியைப் போட்டோமோ, அந்த ஆபத்துக்கே வெற்றிலை பாக்கு வைக்கிறோம். காத்திருப்பை இரண்டு நொடியாக்கினால் வாசல் இரண்டு நொடி திறந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

'முன்னால் கொண்டு வா' என்று ஆணையிட்டால் வந்தே தீரும் என்பதும் கற்பனை. விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே, பயனர் ஒரு நிரலில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு நிரல் தன்னை முன்னால் தள்ளிக்கொள்வதை இயங்குதளம் தடுக்கிறது. வேண்டுமானால் டாஸ்க்பாரில் அதன் பொத்தான் கண் சிமிட்டும். இது கோளாறு இல்லை, நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் நாம் கடவுச்சொல் அடிக்கும்போது குறுக்கே எதுவும் பாயலாம். வேர்டின் உள்கணக்கில் ஆக்டிவ் ஆனதும், திரையில் உண்மையாகவே முன்னால் நிற்பதும் வேறு வேறு. சென்ட்கீஸ் வைத்து எழுத்துரு மாற்றும் கருவிக்கு விசைகளை அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்: விசைகள் திரையில் யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குப் போகும், நாம் மனதில் நினைத்தவருக்கு அல்ல. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற வேண்டிய பத்தி, பாதியில் திறந்திருந்த பிரௌசரின் தேடல் பெட்டிக்குள் போய்க் கொட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

'ஒரு ஃபைலை மட்டும் திறந்து வை' என்கிற கட்சிக்கு அதிக இடம் தேவையில்லை. பத்திரக் கடையில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் அதைச் சொல்லமாட்டார். மாதிரி ஒன்று, தாய்ப் பத்திரம் ஒன்று, வில்லங்கச் சான்றைப் பார்த்து எடுத்த குறிப்பு ஒன்று, ட்ராப்ட் ஒன்று. பாகப்பிரிவினை என்றால் அண்ணன் தம்பி எண்ணிக்கைக்குத் தகுந்தபடி ஷெட்யூல்கள். இதற்கிடையில் வாசலில் ஒருவர், "தம்பி, நேத்து அடிச்ச வாடகை ஒப்பந்தத்துல ஒரு பேரு மாத்தணும், ஒரு நிமிஷம்" என்று நிற்பார். ஒரே கோப்போடு ஓடுகிற மேக்ரோ அந்தக் கடைக்குத் தேவையே இல்லை. கையாலேயே அடித்துவிடலாம்.

ரேம் வாதத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். வேகமான கணினி தப்பான கோப்பில் வேகமாக எழுதும்.

சரி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதானே, அதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். இங்கேதான் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மேக்ரோ புத்தகங்கள் அதைத் தொடுவதில்லை. மேக்ரோ எழுதுகிற விபிஏ எடிட்டர் யுனிகோடுக்கு முந்தைய காலத்துப் பண்டம். ஆங்கிலம், ரஷ்யன், கிரேக்கம் போன்றவற்றுக்கு இருந்த பழைய குறிப்பக்கம் (கோட் பேஜ்) தமிழுக்கு இருந்ததில்லை. அதனால் எடிட்டருக்குள் தமிழ் எழுத்தை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும். கோப்பின் பெயர் 'கிரயம் மாதிரி' என்று இருந்தால், அதை மேற்கோளுக்குள் எழுதி விண்டோஸ் பட்டியலில் தேட முடியாது. எழுத்து எழுத்தாக எண் கொடுத்து, க என்பதற்கு 2965 என்று ஆரம்பித்து, கோத்துக் கோத்து எழுதலாம். எழுதிப் பார்த்தவர்கள் இரண்டாவது நாளே விட்டுவிடுவார்கள். ஃபோல்டரில் இருக்கும் பெயர்களை டிர் கட்டளையால் வாங்கினாலும் அதே கேள்விக்குறிகள்தான் திரும்பி வரும்.

பெயரைச் சொல்ல வழியில்லாத இடத்தில் ஆட்கள் எண்ணைச் சொல்லப் பழகினார்கள். என் விண்டோஸ்(2) பிறந்த கதை அதுதான். சோம்பலால் எழுதியது அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து ஆண்டிப்பட்டி வரை நான் திறந்து பார்த்த கடை மேக்ரோக்களில் இந்த எண் வழக்கம் இத்தனை மண்டிக்கிடப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணமும் இதுதான். சிலர் கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துத் தப்பித்தார்கள். ஆனால் கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கோப்பு தமிழ்ப் பெயரோடு வந்து இறங்கும். பெயர் மாற்ற மறந்த ஒரு நாளில் 5941 என்று பிழை எண் காட்டி மேக்ரோ படுத்துவிடும். நீ கேட்ட ஆள் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். படுத்துவிடுவது நல்லது. படுக்காமல் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுச் சிரிப்பதுதான் மோசம்.

பெயரால்தான் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிலத்திலேயே பெயர் மாறும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் காலத்தில், 1979 தொடங்கி 1987 வரை, எத்தனை சர்வே எண்கள் மாறின. இன்றும் பத்திரத்தில் பழைய ச.எண், புதிய ச.எண் என்று இரண்டையும் எழுதுகிறோம். கோப்பும் அப்படித்தான். 'சேவ் ஆஸ்' கொடுத்த நொடியில் பெயர் போச்சு. அதே கோப்புக்கு இன்னொரு விண்டோ திறந்தால் தலைப்பின் வாலில் ஒரு எண் ஒட்டிக்கொள்ளும். பழைய தலைப்பைத் தேடுகிற மேக்ரோ வெறுங்கையோடு திரும்பும். பெயரும் ஒரு அடையாளம், அவ்வளவே. கையைப் பிடித்துக்கொண்டவனுக்கு அடையாளம் எதற்கு?

கையைப் பிடிக்கிற வழி வெகு எளிது. டாக்குமென்ட்ஸ்.ஓப்பன் என்ற கட்டளை கோப்பைத் திறப்பதோடு நிற்பதில்லை, திறந்த கோப்பையே நம் கையில் தருகிறது. நாம் அதை வாங்கிக்கொள்வதில்லை, அதுதான் தவறு. செட் தாய் = டாக்குமென்ட்ஸ்.ஓப்பன் என்று எழுதிப் பாதையைக் கொடுத்தால், அன்றிலிருந்து 'தாய்' என்பது அந்தக் கோப்பு ஒன்றுதான். (விளங்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்; எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் வரும்.) பாதையை நாம் எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டியதே இல்லை. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி ஒன்றைக் காட்டி, பையன் எதைச் சொடுக்குகிறானோ அதன் பாதையை அப்படியே கடத்தினால் தமிழ்ப் பெயர் அலுங்காமல் போய்ச் சேரும். கேள்விக்குறி எடிட்டரின் கண்ணில்தான். மாறிக்குள் எழுத்து பத்திரமாக இருக்கும். ஃபோல்டரில் தேட வேண்டுமென்றால் டிர் வேண்டாம், ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் போதும்.

பிறகு எவன் முன்னால் நின்றால் என்ன? தாய்.ரேஞ்சிலிருந்து எடு, ட்ராப்ட்.ரேஞ்சில் போடு. செலக்‌ஷன் வேண்டாம், காப்பி பேஸ்ட் வேண்டாம், ஆக்டிவேட் வேண்டாம். நடுவில் பையன் பத்து விண்டோ மாற்றட்டும், பாட்டுக் கேட்கட்டும். 'சேவ் ஆஸ்' செய்தாலும் பிடித்த கை விடாது. செலக்‌ஷன் என்பது திரையில் கருப்படித்துக் காட்டுகிற சங்கதி, மனிதக் கண்ணுக்கானது. ரேஞ்ச் திரையைச் சீண்டாமல் வேலை செய்யும், அதனால் வேகமும் கூடும். ரேம் வாங்கச் சொன்னவர் இதைக் கவனிக்கலாம்.

போடியில் ஏலக்காய் இ-ஏலம் 2007இல் வந்தது. அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, அங்கே காய் லாட் எண்ணால்தான் அறியப்படும். மேசையில் எந்தத் தட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்து விலை கேட்கிற வியாபாரி பள்ளத்தாக்கில் கிடையாது. பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு இத்தனை கவனம் காட்டுகிற ஊரில், ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு வாங்குகிற தோட்டத்தின் எல்லையைத் தட்டு நகர்ந்த வரிசையை நம்பி எழுதிக்கொண்டிருந்தோம்.

எதிர்க்கட்சியின் கையில் நல்ல ஆயுதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. "ரெக்கார்டரே அப்படித்தானே சார் எழுதுது?" என்பார்கள். உண்மை. மேக்ரோவைப் பதிவு செய்தால் வேர்டு எழுதித் தருவது செலக்‌ஷனும் ஆக்டிவ்டாக்குமென்டும்தான். கம்பெனியே எழுதுவது எப்படித் தப்பாகும் என்ற கேள்வி பலரை வாயடைக்க வைக்கிறது. ரெக்கார்டர், நம் தோளுக்குப் பின்னால் நின்று கை எங்கே போகிறது என்று குறிப்பெடுக்கிற ஆள். கையும் கண்ணும் முன்னால் இருப்பதில்தான் வேலை செய்யும், ஆகவே அவன் குறிப்பும் அப்படித்தான் இருக்கும். கட்டளைகளின் பெயர் தெரிந்துகொள்ள அந்தக் குறிப்பு உதவும். அதையே வேலைத்திட்டமாக மாட்டி வைப்பது, சமையல் செய்கிறவரைப் படம் பிடித்துவிட்டு அந்தப் படத்தை அடுப்பில் ஏற்றுகிற கதை.

இன்னொரு ஆயுதம்: "இருபது வருஷமா ஓடுது." ஓடும். ஒரே ஆள், ஒரே மேசை, இரண்டே கோப்பு என்று இருக்கும்வரை ஓடும். பெரியவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட பத்திரங்கள் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் வெப்பில் இறக்கிய கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'முன்னால் நிற்பது' என்ற வாதத்தின் முதுகெலும்பையே அது உடைக்கிறது. ஆபீஸ் 2010 தொட்டு, இணையத்திலிருந்து வந்த கோப்பு மஞ்சள் பட்டையோடு புரொடெக்டட் வியூவில் திறக்கும். கண்ணுக்கு அது மற்றவற்றைப் போல ஒரு விண்டோதான். ஆனால் டாக்குமென்ட்ஸ் பட்டியலில் அதற்கு இடமில்லை. தனிப் பட்டியல், தனி வாசல். கடையில் மூன்று கோப்பு தெரிகிறது, மேக்ரோ எண்ணினால் இரண்டு என்கிறது. 'எடிட்டிங்கை அனுமதி' அழுத்தியதும் அது இந்தப் பட்டியலுக்குக் குடிவரும், எண்களெல்லாம் மாறும். அந்தக் காலை நேரத்து ட்ராப்டில் நடந்தது இதுதான் என்று பிற்பாடு தேடிக் கண்டுபிடித்தேன். தாய்ப் பத்திரத்தின் நகல் கட்சிக்காரர் அனுப்பியது. மஞ்சள் பட்டையோடு மேலே நின்றது, பையன் கண் முன்னால். மேக்ரோவைப் பொறுத்தவரை அது வீட்டுக்குள்ளேயே வரவில்லை. பழைய பத்திரத்தை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டது. எத்தனை ஆக்டிவேட் போட்டு எத்தனை நொடி காத்திருந்தாலும் அங்கே பலன் பூஜ்யம்தான்.

வெளியிலிருந்து வேர்டை ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான். எக்செலில் கட்சிக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து கெட்ஆப்ஜெக்ட் போட்டு வேர்டைக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு வேர்டு தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தால் எது கைக்கு வரும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கோப்பு திரையில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. ஆள் தலையைப் பிய்த்துக்கொள்வார். தானே ஒரு வேர்டைத் திறந்து, அதை ஒரு மாறியில் பிடித்து, அதற்குள்ளேயே கோப்பையும் திறந்து, முடிந்ததும் மூடுவதுதான் வழி. மூட மறந்தால் கண்ணுக்குத் தெரியாத வேர்டு பின்னால் உட்கார்ந்து கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். இன்னொன்று: கோப்பு முன்பே திறந்திருந்தால் ஓப்பன் கட்டளை அந்தத் திறந்த கோப்பையே தரும். வேலை முடிந்தது என்று மேக்ரோ அதை மூடினால் பையன் அடித்துக்கொண்டிருந்ததும் சேர்ந்து மூடும். திறக்கும் முன்பே திறந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைத்து, நாம் திறந்ததை மட்டும் நாம் மூட வேண்டும்.

மைக்ரோசாப்டைத் திட்டிவிட்டு லிப்ரே ஆபீஸுக்குப் போனால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பேசிக் எடிட்டரில் தமிழ் எழுத்து கண்ணுக்குத் தெரியும், அந்த நிம்மதி உண்டு. ஆனால் இந்த நோய் அங்கேயும் இருக்கிறது, பெயர்தான் வேறு. ஸ்டார்டெஸ்க்டாப்.கரன்ட்காம்போனென்ட் என்று எழுதி, மேக்ரோவை எடிட்டரிலிருந்தே ஓட்டினால், அது எடிட்டரையே 'இதோ முன்னால் நிற்பது' என்று நீட்டும். கோப்பைக் கையில் வாங்கிக்கொள்ளும் வழி அங்கேயும் இருக்கிறது, லோட்காம்போனென்ட்ஃப்ரம்யூஆர்எல் திறந்த கோப்பைத் திருப்பித் தருகிறது. வாங்கிக்கொள்ளாதவனுக்கு எந்த ஊரிலும் இதே கதிதான்.

வரிசை எண்ணுக்கு எங்குமே இடமில்லையா என்றால், உண்டு. திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூட வேண்டுமென்றால் எண்தான் வசதி. ஆனால் கடைசியிலிருந்து ஒன்றுக்கு வரவேண்டும். முன்னாலிருந்து மூடினால் ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னுக்கு வருவார்கள், பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரியவருக்குக் காட்ட வேண்டுமென்றால் விண்டோவைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். அதையும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில், ட்ராப்ட்.ஆக்டிவேட் என்று பெயர் சொல்லிச் செய்யலாம். விண்டோ மனிதனுக்குக் காட்டுவதற்கு. முன்னால் வராவிட்டால்கூட அப்போது குடி முழுகிப் போகாது, பையன் சொடுக்கிக்கொள்வான்.

என் கட்சிக்கு உண்மையாகவே குறுக்கே நிற்பது ஒன்றே ஒன்றுதான்: மெயில் மெர்ஜ். சங்கத்துக்குச் சந்தா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை முகவரி, வாய்தா நோட்டீஸ் என்று கடையில் தினமும் ஓடுகிற வேலை. எக்ஸிக்யூட் என்று ஆணை கொடுத்தால் வேர்டு எல்லாக் கடிதங்களையும் சேர்த்து ஒரு புதுக் கோப்பு உண்டாக்குகிறது. ஆனால் அதைக் கையில் தருவதில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒரு கணத்தில் மட்டும் 'முன்னால் நிற்பது எது' என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அதனால் எக்ஸிக்யூட்டுக்கு அடுத்த வரியிலேயே, நடுவில் எதுவும் நுழைய விடாமல், செட் கடிதம் = ஆக்டிவ்டாக்குமென்ட் என்று பிடித்துவிட வேண்டும். கேட்பது ஒரு தடவைதான். அப்புறம் கை விடக்கூடாது.

உத்தமபாளையம் கடை மேக்ரோவை இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். விண்டோஸ்(2) போயிற்று, டூஈவென்ட்ஸ் போயிற்று, 'மேக்ரோ ஓடுது, மவுஸைத் தொடாதே' என்று மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டும் போயிற்று. ஆக்டிவ்டாக்குமென்ட் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிஞ்சியது, மெயில் மெர்ஜில். அதன் தலைமேல் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். எடிட்டரில் தமிழ் வராதே, ஆங்கில எழுத்தில்தான் எழுத முடிந்தது: இந்த ரெண்டு வரிக்கு நடுவுல எதுவும் எழுதாதப்பா.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் எல்லாம் தப்பான கோப்பில் சேமித்திருக்கிறது என்று போன் வந்தது. போய்த் திறந்து பார்த்தேன். கம்பத்து நண்பர் வந்து உதவிவிட்டுப் போயிருந்தார். குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, இரண்டு வரிக்கும் நடுவில், முகவரிக் கோப்பைத் திறக்கும் ஒரு வரியும், அதன் கீழே அரை நொடி காத்திருப்பும்.